செவலையும் ஒரு அண்டா சோறும்

பொங்கல் முடிஞ்சு ஊரே காலியாயிருச்சு. வாசல்ல நின்ன கார்களெல்லாம் ஒண்ணொண்ணா கிளம்பிப் போயிருச்சு. கூரையில சொருகின காப்புக்கட்டு வேப்பிலையும் ஆவாரம்பூவும் காஞ்சு தொங்குது. நானும் அம்மாவும் மாடுகளும்தான் மிச்சம். போன வருசமும் இதே மாதிரி உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சு, பாதியில நிறுத்திட்ட ஒரு விசயம் இருக்கு. இந்தத் தடவை எழுதிடறேன். எழுதுறதுக்கு அனுமதி கொடுக்க வேண்டியவன் கொடுத்துட்டான்.

எங்க கட்டுத்தரையில அப்போ மூணு மாடு. அதுல செவலைன்னு ஒண்ணு. ஜெர்சி கலப்பு, மூணாவது ஈத்து, ரெண்டு வேளைக்கும் சேர்த்து 11 லிட்டர் கறக்கும். சாதுன்னா அப்படி ஒரு சாது. சின்னப் பிள்ளைங்க காலுக்கு நடுவுல பூந்து போனாலும் அசையாது. மெட்ராஸ்ல இருந்து தங்கச்சி குடும்பம் வந்தா, அவ பையன் நேரா வீட்டுக்குள்ள போக மாட்டான். பையைக் கீழே போட்டுட்டு செவலைகிட்டத்தான் போவான். அப்போ அவனுக்கு 7 வயசு.

எங்க பக்கம் மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல்னு சொல்லுவோம். தோட்டத்துல சாணியால சின்னதா தெப்பக்குளம் கட்டி, தண்ணி ஊத்தி, சுத்தியும் கரும்பு நட்டு, பொங்கல் வச்சு, மாட்டுக்கெல்லாம் கொம்புல மாலை போட்டு, தெப்பக்குளத்தை மிதிச்சுத் தாண்ட விடுவோம். தட்டத்தை அடிச்சுக்கிட்டுப் பிள்ளைங்க கத்துற சத்தம் அடுத்த தோட்டம் வரைக்கும் கேக்கும். சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து அந்த வருசம் நாப்பது பேருக்குச் சாப்பாடு. பாதி அண்டா சோறு மிஞ்சிருச்சு. அதைக் கட்டுத்தரை ஓரத்துல, திண்ணை மேல வச்சது நான். காலையில கோழிக்குப் போட்டுக்கலாம், மாடுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுப் போட்டுக்கலாம்னு நெனச்சேன். மேல ஒரு தட்டு கூடப் போட்டு மூடலை.

சாயந்தரம் ஒவ்வொருத்தரா வந்து ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு உருண்டை பொங்கல், ஒரு பழம்னு ஊட்டிட்டுப் போனாங்க. அது சடங்கு, அதுல தப்பில்லை. ஆனா எல்லாரும் கோலாட்டம் பார்க்கக் கோயிலுக்குப் போனப்போ, பையன் மட்டும் சின்ன வாளியில அண்டாவுல இருந்து சோத்தை அள்ளி அள்ளிச் செவலைக்குப் போட்டிருக்கான். எத்தனை வாளின்னு யாருக்கும் தெரியாது. நான் திரும்பி வந்தப்போ அண்டா தரை தெரிஞ்சுது. "மாமா, செவலை எல்லாத்தையும் சாப்டுருச்சு!" அவ்வளவு சந்தோசம் அவனுக்கு. நானும் சிரிச்சுக்கிட்டே தலையைத் தடவிவிட்டேன்.

ராத்திரி ஒன்பது மணிக்குத் தட்டுப் போடப் போனேன். கருப்பியும் கிடாரியும் படுத்து அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு. செவலை மட்டும் நின்னுக்கிட்டு இருந்துச்சு. வாய் அசையலை. போட்ட சோளத்தட்டை மோந்து பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிச்சு. "வயிறு நெறஞ்சிருக்கு, அதான் வேணாங்குது"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத் தூங்கப் போயிட்டேன்.

அந்த ஒன்பது மணியைத்தான் நான் இன்னைக்கு வரைக்கும் திரும்பத் திரும்ப நெனச்சுப் பார்க்கிறேன்.

*

நகரத்துல இருக்கிறவங்களுக்கு மாட்டு வயித்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அப்பத்தான் ஒரு அண்டா சோறு ஏன் விசமாகும்னு புரியும்.

மாட்டுக்கு வயிறு நாலு அறை. அதுல முதல் அறையான பெருவயிறுதான் பெரிசு. வளர்ந்த மாட்டுக்கு நூறு லிட்டருக்கு மேல பிடிக்கும். இடது பக்கம் பூராவும் அதுதான். அதை உங்க வீட்டு தோசை மாவுப் பானைன்னு நெனச்சுக்கங்க. மாவு எப்படித் தானாப் புளிக்குதோ, அப்படித்தான் உள்ளே இருக்கிற கோடிக்கணக்கான நுண்ணுயிரிங்க தட்டையும் புல்லையும் நொதிக்க வைக்குது. மனுசனுக்குச் செரிக்காத வைக்கோல்ல இருந்து பால் வர்றது இந்தப் பானையாலதான். நாம மாட்டுக்குத் தீனி போடுறோம்னு நெனைக்கிறோம். உண்மையில அந்த நுண்ணுயிரிங்களுக்குத்தான் போடுறோம். அதுங்க தின்னுட்டு மாட்டுக்குக் கொடுக்குது.

பானையில புளிப்பு அளவோட இருக்கணும். அதுக்குத்தான் அசை போடுறது. மாடு ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போடும். ஒவ்வொரு கவளத்தையும் மேல கொண்டு வந்து ஐம்பது தடவைக்கு மெல்லும். மெல்ல மெல்ல உமிழ்நீர் ஊறும். ஒரு நாளைக்கு நூறு லிட்டர் உமிழ்நீர் கூடச் சுரக்கும். அந்த உமிழ்நீர்ல இயற்கையாவே சோடா உப்பு இருக்கு. உள்ளே உண்டாகிற அமிலத்தை அதுதான் சரிக்கட்டுது.

சோறு இதையெல்லாம் கெடுத்துரும். அதை மெல்ல வேண்டியதில்லை, அதனால உமிழ்நீர் ஊறாது. மாவுச்சத்து நேராப் பானைக்குள்ள போய் விழுகுது. அதைத் தின்னு பெருகுற ஒரு வகை நுண்ணுயிரி மட்டும் அசுர வேகத்துல பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். மத்த நல்ல உயிரியெல்லாம் அந்தப் புளிப்புல செத்துப்போகும். பெருவயிறு ஓட்டத்தை நிறுத்திரும். அதோட நிக்காது. உள்ளே அமிலம் கூடக் கூட, உடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் வயித்துக்குள்ள இழுபடும். ரத்தம் கெட்டியாகும். கண்ணு உள்ளே போகும். அமிலம் ரத்தத்துல கலந்துட்டா மாடு குடிச்ச ஆள் மாதிரித் தள்ளாடும், அப்புறம் படுத்துரும்.

சோறு மட்டும் இல்லைங்க. அரிசி, மக்காச்சோளம், கோதுமை மாவு, கல்யாண வீட்டு மிச்சம், மாம்பழம், பலாப்பழத் தோலு, எது ஆனாலும் பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரேயடியாக் கிடைச்சா இதே கதைதான். ஆட்டுக்குக் கூடத்தான். அரிசி மூட்டைக்குள்ள தலையை விட்ட ஆடு மறுநாள் எந்திரிக்காத கதை எல்லா ஊர்லயும் உண்டு.

*

ராத்திரி பதினொண்ணரைக்கு அம்மா எழுப்பினாங்க. "டேய், செவலை மொனகுது, வந்து பாரு."

போய்ப் பார்த்தா இடது பக்கம் கொஞ்சம் உப்பியிருந்துச்சு. பின்னங்காலால வயித்தை உதைச்சுக்கிச்சு. பல்லை நறநறன்னு கடிச்சுது. எங்களுக்கு உடனே ஞாபகம் வந்தது கருப்பிதான்.

அதுக்கு முந்தின ஐப்பசியில, மழை விட்ட காலையில, கருப்பி கயித்தை அவுத்துக்கிட்டுப் போய் ஈரத்தோட இருந்த இளசு குதிரைமசாலை வயிறு முட்டத் தின்னுருச்சு. ஒரு மணி நேரத்துல இடது பள்ளம் மேடாகி முதுகெலும்பு உயரத்துக்கு ஏறிருச்சு. தட்டினா தப்பு அடிக்கிற மாதிரிச் சத்தம். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சுக்குத் திணறுச்சு. டாக்டருக்குப் போன் போட்டோம். அவரு வர்றதுக்குள்ள கால் லிட்டர் கடலெண்ணெயை மெதுவா ஊத்தச் சொன்னாரு. முன்னங்காலை மேட்டுல ஏத்தி நிக்க வச்சு, வாயில குறுக்கால வேப்பங்குச்சியைக் கட்டிவிட்டோம். அதை மென்னுக்கிட்டே இருந்தா உமிழ்நீர் ஊறும், ஏப்பம் வரும். டாக்டர் வந்து சேர்றப்போ பெரிய ஏப்பமா விட்டு வயிறு இறங்கிருச்சு. இறங்காம இருந்திருந்தா இடது பள்ளத்துல குழல் ஊசியைக் குத்திக் காத்தை வெளியேத்தியிருப்பாரு.

அந்தத் தைரியம்தான் எங்களைக் கெடுத்துச்சு. செவலைக்கும் அதே எண்ணெய். அதோட வெத்தலை, மிளகு, இஞ்சி இடிச்சு அம்மா ஒரு உருண்டை கொடுத்தாங்க. வாயில குச்சி கட்டினோம். "விடியறதுக்குள்ள சரியாயிரும்"னு அம்மா சொன்னாங்க. ரெண்டு பேரும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தோம்.

மூணு மணிக்குக் கழிய ஆரம்பிச்சுது. சாம்பல் கலந்த மஞ்சள்ல, தண்ணியா, குப்புன்னு புளிச்ச வாடை. அதுல சோத்துப் பருக்கை அப்படியே கிடந்துச்சு. நாலரைக்குக் காலை மடக்கிப் படுத்துருச்சு. தலையைத் திருப்பி விலாவுல வச்சுக்கிச்சு. நான் போனை எடுத்தது அப்பத்தான்.

டாக்டர் விடியக்காலத்துலயே வந்துட்டாரு. பண்டிகை நாள்னு பார்க்கலை. வந்ததும் அவரு கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்பங்க அசை போட்டுச்சு?"

"நேத்து ஒன்பது மணிக்கே போடலைங்க."

அவரு என்னை ஒரு பார்வை பார்த்தாரு. திட்டலை. இடது பள்ளத்துல கையை வச்சு ஆட்டினாரு. உள்ளே தண்ணிக் குடம் குலுங்குற மாதிரிச் சத்தம். "எண்ணெய் நுரைக்குத்தாங்க கேக்கும். இது நுரை இல்லீங்க, அமிலம். வெளிய பார்த்தா ரெண்டும் உப்புசம்தான். பச்சைத் தின்னு வர்றது சீக்கிரமா வரும், வயிறு தப்பு மாதிரி விறைச்சு நிக்கும். சோறு தின்னு வர்றது மெதுவாத்தான் வரும், வயிறு மாவு மாதிரிப் பிசுபிசுன்னு இருக்கும், அப்புறம் தண்ணி சேரும். சாணி புளிக்கும்."

குழாய் விட்டு வயித்துக்குள்ள இருந்ததை முடிஞ்ச மட்டும் வெளியேத்தினாரு. சமையல் சோடாவைத் தண்ணியில கரைச்சு உள்ளே விட்டாரு. கழுத்து நரம்புல பாட்டில் பாட்டிலா மருந்து ஏத்தினாரு. பாட்டிலைத் தூக்கிப் பிடிச்சுப் பிடிச்சு என் கை மரத்துப்போச்சு. மதியம் கிளம்புறப்போ சொன்னாரு: "ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டிருந்தீங்கன்னா சோடாவுலயே திருப்பியிருக்கலாமுங்க. இப்ப ரத்தத்துல ஏறிருச்சு. பார்ப்போம்."

அன்னைக்குப் பூப்பறிக்கிற நோம்பி. பிள்ளைங்களையெல்லாம் கொடிவேரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லித் தங்கச்சிகிட்ட நான்தான் சொன்னேன். சாயந்தரம் நாலு மணிக்குச் செவலை போயிருச்சு. அவங்க வர்றதுக்குள்ள ஜேசிபி வரச் சொல்லி, வேலியோரத் தென்னைக்குப் பக்கத்துல குழி வெட்டி, சுண்ணாம்பும் உப்பும் போட்டு மூடிட்டோம். மூணு மாசக் கன்னு கட்டுத்தரையில கத்திக்கிட்டே இருந்துச்சு.

பையன் வந்து, "செவலை எங்க மாமா?"ன்னு கேட்டான். "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குடா சாமி"ன்னேன். அடுத்த மாசம் போன்ல கேட்டப்போ, "பெரியம்மா தோட்டத்துல விட்டிருக்கோம், அங்க நெறைய புல்லு இருக்கு"ன்னு இன்னொரு பொய். அதுக்கப்புறம் அவன் கேக்கவே இல்லை.

*

போன மாட்டோட விலை 60,000 ரூபாய்க்கு மேல. பால் காசு தனி. அதைவிடப் பெரிய நஷ்டம், கண்ணு முன்னால இருந்த அடையாளத்தைப் படிக்கத் தெரியாம போனது. அதுக்கப்புறம்தான் ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன். காலையில அஞ்சு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் ஒவ்வொரு மாட்டையும் ரெண்டு நிமிசம் நின்னு பார்ப்பேன்.

மொதல்ல அசை. படுத்திருக்கிற மாட்டுல பாதிக்கு மேல அசை போட்டுக்கிட்டு இருக்கணும். அடுத்தது மூக்கு. நல்ல மாட்டுக்கு மூக்குல முத்து முத்தா வேர்த்திருக்கும், காஞ்சிருந்தா ஏதோ சரியில்லை. மூணாவது சாணி. அடை தட்டினாப்புல வட்டமா விழணும். உருண்டை உருண்டையாக் கெட்டியா விழுந்தா தண்ணி பத்தலை, இல்லைன்னா உள்ளே அடைப்பு. தண்ணியாப் போனா தீனி மாத்தமா, பூச்சியா, நோயான்னு பார்க்கணும். நுரை, சளி, ரத்தம், பருக்கை, வாடை எல்லாமே ஒவ்வொரு சேதி. கடைசியா, இடது பக்கம் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துல முஷ்டியை வச்சு அழுத்திப் பிடிப்பேன். பெருவயிறு ஒவ்வொரு தடவை புரள்றப்பவும் கையை வெளியே தள்ளும். நிமிசத்துக்கு ஒண்ணு, ரெண்டு தடவை தள்ளணும். தள்ளலைன்னா மறுபேச்சு இல்லை, டாக்டருக்குப் போன்தான்.

காரணங்கள்ல பாதி நம்ம கையில இருக்கு. தீனியைத் திடீர்னு மாத்தக் கூடாது. புதுத் தீவனத்தைப் பத்து நாளாவது கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டணும். மழை ஈரத்தோட பயறுவகைப் பசுந்தீவனத்தை வெறும் வயித்துல போடக் கூடாது. அறுத்து வாட வச்சு, முன்னால கொஞ்சம் தட்டு போட்டுட்டு அப்புறம் போடணும். கன்னுக்குப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் கொடுக்கணும். அது தவறினா கழிச்சல்ல கன்னு போகும். குடற்புழு மருந்தை டாக்டர் சொன்ன கணக்குல கொடுக்கணும். மருந்து ஊத்துறப்போ நாக்கைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. இழுத்தா மருந்து நுரையீரலுக்குப் போயிரும், வயித்துக்குப் பார்க்கப் போய் நிமோனியா வந்துரும்.

மிச்சப் பாதி உங்க கையிலயும் இருக்கு. கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி சாப்பாட்டு மிச்சத்தைப் பிளாஸ்டிக் பையில கட்டிப் போடுறீங்க இல்லையா, மாட்டுக்கு அவுக்கத் தெரியாது. பையோட முழுங்கும். அது செரிக்காது, வெளியேயும் வராது. வருசக்கணக்குல சேர்ந்து கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டுப் பெருவயித்தை அடைச்சுக்கும். தின்னுக்கிட்டே இருக்கிற மாடு இளைச்சுக்கிட்டே போகும். அறுவை பண்ணித்தான் எடுக்கணும். அதே குப்பையில இருக்கிற கம்பி, ஆணி ரெண்டாவது அறையில போய்த் தங்கும். அந்த அறைக்கும் இதயத்துக்கும் நடுவுல ஒரு சவ்வுதான். குத்திக்கிட்டுப் போனா முடிஞ்சுது. முன்னங்கால் முட்டியை அகட்டி நிக்கிற மாடு, இறக்கத்துல இறங்கப் பயப்படுற மாடு, இதெல்லாம் அந்தக் கம்பியோட அடையாளமா இருக்கலாம்.

*

இந்தப் பொங்கலுக்குப் பையன் வந்தான். இப்போ 9 வயசு. பட்டிப் பொங்கல் அன்னைக்கு எல்லாரும் மாட்டுக்கு ஊட்டிக்கிட்டு இருந்தப்போ அவன் தள்ளியே நின்னான். கையில கொடுத்த உருண்டையை அப்படியே வச்சுக்கிட்டு இருந்தான். ஏன்டான்னு கேட்டேன்.

"நான் போட்டாத்தான் செத்துப்போகுமே மாமா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவங்கம்மாவும் பாட்டியும் போன்ல பேசினதை அப்பவே கேட்டிருக்கான். ரெண்டு வருசமா அதை உள்ளேயே வச்சுக்கிட்டு, நான் சொன்ன பொய்யையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்.

தென்னை மரத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். இங்கதான்டா இருக்குன்னு சொன்னேன். அவன் அழலை, எனக்குத்தான் முடியலை. "சோறு போட்டது நீ. ஆசையாப் போட்டே, உனக்குத் தெரியாது. அண்டாவை மூடாம வச்சது நான். அசை போடலைன்னு ஒன்பது மணிக்கே பார்த்துட்டுத் தூங்கப் போனதும் நான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இதுல உன் பங்கு கம்மி, என் பங்குதான் ஜாஸ்தி. உன்கிட்ட பொய் சொன்னதும் நான்தான்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "அசை போடலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"ன்னு கேட்டான்.

கட்டுத்தரைக்குக் கூட்டிட்டு வந்து அன்னைக்குக் கத்திக்கிட்டு நின்ன கன்னைக் காட்டினேன். அது இப்போ சினைக்கு வந்த கிடாரி. அவன் முஷ்டியை எடுத்து இடது பள்ளத்துல வச்சு அழுத்தச் சொன்னேன். முதல்ல ஒண்ணும் தெரியலைன்னான். பொறுடான்னேன். கொஞ்ச நேரத்துல அவன் கண்ணு விரிஞ்சுது.

"மாமா, உள்ள யாரோ திரும்பிப் படுக்குறாங்க!"

மறுநாள் அஞ்சு மணிக்கு நான் போறதுக்கு முன்னாடியே டார்ச் லைட்டோட அங்க நின்னுக்கிட்டு இருந்தான். "மூணு மாடும் ஓகே மாமா. கருப்பி மட்டும் ஒரு நிமிசத்துக்கு ஒரு தடவைதான் தள்ளுது, பரவாயில்லையா?"ன்னு கேட்டான். பரவாயில்லைன்னேன். அன்னைக்கு ராத்திரிதான், "இதை எழுதலாமாடா?"ன்னு கேட்டேன். "என் பேரு போடாதீங்க"ன்னான்.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வர்றவங்களுக்கு: மாட்டுக்கு ஊட்டுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். மிஞ்சின சோத்தை மாட்டு வாய்க்கு எட்டுற இடத்துல வைக்காதீங்க. பையன் பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போய் அந்த இடது பள்ளத்துல கையை வைக்கச் சொல்லுங்க. ஒரு மாடு அசை போடாம நிக்குதுன்னு பிள்ளைங்க வந்து சொன்னா, "அது அப்படித்தான்"னு சொல்லாதீங்க. ஊர்ல இருக்கிற டாக்டருக்கோ 1962-க்கோ உடனே போன் போடுங்க. விடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.